பன்னிரண்டாம் அத்தியாயத்து ராணி

கஜேந்திரன் போட்டுக் கொடுத்த தேத்தண்ணீரை அவன் மனைவி ஜீவராணி அப்படியே சிங்கில் ஊற்றினாள்.

"ஏன் ராணி, சீனி கூடிப்போச்சோ?"

அவள் அவனுடைய கொப்பியை மேசையில் போட்டாள். விரிந்த பக்கத்தில் அவன் கையெழுத்து: 'ராணியைக் கொல்ல அலரியா, ஊமத்தையா? பாயாசத்தில் கசப்புத் தெரியுமா?'

கஜேந்திரனுக்குப் பகலில் காப்புறுதிக் கந்தோரில் வேலை. மிச்ச நேரமெல்லாம் பறக்கும் யானைகளும் மந்திரவாதிகளும் உலாவும் நாவல். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ராணி செத்துவிட்டாள். எந்தச் செடியால் என்பதுதான் பாக்கி. அதற்காக ஒரு மாதமாக நச்சுச் செடிகளைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, இது கதையில வாற ராணியப்பா!"

"அவ செத்தாப் பிறகு ராசா என்ன செய்யிறார்?"

"தோழியைக் கலியாணம்..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அன்றோடு ஜீவராணி குசினிப் பக்கம் போவதை நிறுத்தினாள். "நான் சமைச்சு வைக்க, நீங்கள் வந்து என்னத்தையும் தூவவோ?"

அவள் கண்முன்னே சமைத்து, முதல் வாயைத் தானே தின்று காட்டினான்.

"மாற்று மருந்து குடிச்சிட்டுத் தின்னுறீங்களோ, ஆருக்குத் தெரியும்?"

பல்கனியில் நின்ற பூச்சாடிகளை எல்லாம் தூக்கிப்போய்க் குப்பையில் போட்டான்.

"தடயத்தையும் அழிச்சாச்சு!"

கடைசியில் கடைப் பார்சலுக்கு மட்டும்தான் அவள் சம்மதித்தாள். பின்னேரங்களில் கஜேந்திரன் கொழும்புக் காலி வீதிக் கடைகளில் வரிசையில் நின்றான். ஒருநாள் மசாலாத் தோசை, ஒருநாள் கொத்து ரொட்டி, ஞாயிறென்றால் வாழையிலையில் பொதிந்த லம்ப்ரைஸ் சோறு. பார்சலை அவளே பிரித்து, விரல் சூப்பிச் சாப்பிட்டாள்.

இரண்டு கிழமையில் அவன் தோற்றுப்போனான். தான் எழுதியவற்றிலேயே மிக நல்ல பக்கங்களைக் கண்ணீரோடு கிழித்துவிட்டு, ராணி நூறு வருடம் ஆண்டதாக எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

"ம்... யோசிப்பம்" என்றாள் ஜீவராணி. "இண்டைக்கு புரியாணி வாங்குங்கோ."

புரியாணிப் பார்சலோடு அவன் திரும்பி வந்தபோது லிப்டில் மேல்வீட்டு ஸைனம்பு நின்றாள்.

"ஏன் தம்பி, அந்த ராணிய உசிரோட விட்டீங்களாம்? போன மாசம் அந்த ராணி சாகிற எடத்த ஜீவராணி எனக்கு வாசிச்சுக் காட்டக்குள்ள ரெண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதோமே. அழுது முடிஞ்ச பொறகுதானே அவக்குச் சமையலுக்கு லீவு எடுக்கிற யோசனையே வந்திச்சி!"