கஞ்சி நேரம் கேட்ட இங்கிலாந்து

உலக நாடுகள் ஒன்றின் குரல்வளையை ஒன்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த 1938ஆம் ஆண்டில், மனித குலத்தைக் கைகோத்து ஆட வைக்கும் பெரும்பொறுப்பை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வில்லியனூருக்கு மேற்கே, ரயில் பாதையோரம் புகைந்துகொண்டிருந்த ஒரு நூற்பாலை ஏற்றுக்கொண்டது. வேறு யாரும் முன்வராததால் போட்டி இல்லை.

ஆலைத் தலைவர் முசியே பெர்தோன் விடுப்பில் பாரீசுக்குப் போனபோது, ஒரு கண்காட்சியில் பத்து நாட்டார் பத்து விதமாக ஆடுவதைப் பார்த்தார். கடைசியில் ஒருவர் மார்பில் பதக்கம் குத்தினார்கள். அவர் ஆடியவர் அல்ல, ஆட வைத்தவர். ஊர் திரும்பியதும் முசியே ஒரு தாளில் 'சர்வதேச நாட்டுப்புற நடன விழா' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டு, ஊராட்சி மன்றமான கொம்யூனின் எழுத்தர் பச்சையப்பனுக்கு ஆள் அனுப்பினார்.

பச்சையப்பன் அபூர்வமான நிர்வாகி. 'இல்லை' என்ற சொல்லைத் தனக்கு மேலே இருப்பவர்களிடம் அவர் சொன்னதே கிடையாது. கீழே இருப்பவர்களுக்கென்று அதைச் சேமித்து வைத்திருந்தார். நான்கு நாடுகள் வேண்டும் என்றார் முசியே. பிரான்சு கைவசம் இருந்தது: மேஸ்திரிகள். மற்ற மூன்று நாடுகளும் மில் வாசலில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தன.

மொத்தம் பன்னிரண்டு பேர். விடியுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வரும் அந்த மில்லில், நடுவே கஞ்சி குடிக்க அரை மணி நேரம் கேட்டவர்கள். கஞ்சி கேட்டதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது நாகரிகம் ஆகாது. ஆகவே நிர்வாகம் அவர்களை 'அயல்நாட்டார்' என்று சொல்லி நிறுத்தியது. இந்தப் பக்கத்தில் அதற்கு ஒன்றும் சிரமம் இல்லை. பிரெஞ்சு மண்ணும் இங்கிலீஷ் மண்ணும் வயலுக்கு வயல் மாறிக் கிடக்கின்றன. ஓர் ஆடு ஒரே காலையில் இரண்டு சாம்ராஜ்யங்களை மேய்ந்துவிட்டு வீடு திரும்பும்.

நூல் சுற்றும் மெஷினில் நின்ற செங்கமலத்தின் வழக்கு அதில் நுட்பமானது. எல்லைக் கல் அவள் குடிசைக்குள்ளேயே, அம்மிக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதில் அரிவாள் தீட்டுவாள். அளக்க வந்த பச்சையப்பன் கயிறு பிடித்துப் பார்த்து, அடுப்பு பிரெஞ்சில் இருக்கிறது, தலையணை இங்கிலீஷில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். அதாவது, சமைக்கும்போது அவள் பிரெஞ்சுப் பிரஜை. தூங்கும்போது அந்நியப் பெண்.

"தலகாணிய இந்தாண்ட போட்டுக்கினு கால அந்தாண்ட நீட்டிக்கிறேன் சாமி," என்றாள் செங்கமலம்.

அதற்கு மனுக் கொடுக்க வேண்டும் என்றார் பச்சையப்பன். எங்கே கொடுப்பது என்று அவள் கேட்டாள். தலை இருக்கும் நாட்டில் என்றார்.

அது நடந்து நாற்பது நாள். புருஷன் செத்தவள், இரண்டு பெண்பிள்ளைகள். அறுவடை முடிந்த வயலில் பிள்ளைகள் கதிர் பொறுக்கின. வயல் காய்ந்ததும் அதுவும் நின்றது. மெஷின் முன்னால் மறுபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. கஞ்சி நேரத்தைக்கூட அவள் விட்டுக்கொடுக்கத் தயார்.

பச்சையப்பன் மரத்தடிக்கு வந்து, மனித குலம் அவர்களை அழைக்கிறது என்று அறிவித்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதல் பரிசு வாங்கும் நாட்டுக்குத் திங்கட்கிழமை மில் கதவு திறக்கும் என்றார். மனித குலம் துணியைத் தட்டிக்கொண்டு எழுந்தது.

பெண்கள் ஆறு பேரும் இங்கிலாந்து ஆனார்கள். ஆண்களில் நாலு பேர் ஜெர்மனி, இரண்டு பேர் இத்தாலி. ஜெர்மனியின் முதல் ஆள் இன்னாசிமுத்து. தாய்மாமன் வீட்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த குற்றத்துக்காக வேலை இழந்தவன்.

"என்ன இங்கிலீஷ்காரன்னு சொல்லித்தான நிறுத்தினீங்க? இப்ப இன்னா ஜெர்மனி?" என்று கேட்டான்.

"இங்கிலாந்து நெறஞ்சிடுச்சிப்பா," என்றார் பச்சையப்பன்.

பிறகு ஒரு புத்தகத்தில் பெயர், தேசம் எழுதி, எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று செங்கமலம் கேட்டாள். நீ ஆடப்போகிறாய் என்று எழுதியிருக்கிறது என்றார். அதுவும் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விழா. பஞ்சு மூட்டைகளை அடுக்கி வளைவு கட்டியிருந்தார்கள். பட்டணத்திலிருந்து பெரிய பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வெள்ளைக் கால்சட்டையில் வந்து உட்கார்ந்தார். மில் ஆட்கள் நானூறு பேரும் மதில் ஓரம் நிறுத்தப்பட்டார்கள். வராதவர்களுக்கு ஆஜர் கிடையாது என்று முன்பே 'அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது'.

முதலில் பிரான்சு. மேஸ்திரிகள் எட்டுப் பேர் கைகோத்து நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். ஆட்கள் முன்னால் ஆடினால் நாளைக்கு எப்படி அதட்டுவது? நிற்பதுதான் பிரான்சின் மிகப் பழைய நடனம் என்று பச்சையப்பன் அதிகாரிக்கு விளக்கினார். அடுத்து ஜெர்மனி. இன்னாசிமுத்து சிலம்பத்து அடவு நாலு எடுத்து வைத்தான். ஐந்தாவதில் பசி மயக்கத்தில் விழுந்தான். போர்க்களக் காட்சி தத்ரூபம் என்று அதிகாரி கைதட்டினார். இத்தாலி, யார் முன்னால் போவது என்ற பேச்சுவார்த்தையில் இருந்ததால் மேடைக்கு வரவில்லை.

கடைசியாக இங்கிலாந்து. ஆறு பெண்களுக்கும் ஆளுக்கொரு குடை கொடுத்திருந்தார்கள். குடையோடு கும்மி தட்ட முடியாது. செங்கமலம் குடையைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். ராட்டினம் போல வட்டம் சுழன்றது. அவள் எடுத்துக் கொடுத்தாள்:

பஞ்சு பறக்குதடி – கும்மி
பதமாத் தட்டுங்கடி
நெஞ்சு அடைக்குதடி – கஞ்சி
நேரம் கேளுங்கடி

மூன்றாம் சுற்றில் மதிலோரம் நானூறு பேரும் கை தட்டினார்கள். பிரான்சின் வலது கோடியில் நின்ற மரியதாஸ் மேஸ்திரியின் கால், அவரைக் கேட்காமலே தாளம் போட்டது. முசியே பெர்தோன் அந்தக் காலைப் பார்த்தார்.

அதிகாரி பாட்டுக்குப் பொருள் கேட்டார். பச்சையப்பன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. இங்கிலாந்தில் பனி பெய்கிறது, குளிரில் மூச்சு அடைக்கிறது, தேநீர் நேரம் எப்போது என்று ஏங்குகிறார்கள் என்றார். அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அயல்நாட்டாரும் நம்மைப் போலக் குளிரில் நடுங்குகிறவர்கள்தான் என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினார்.

முதல் பரிசு இங்கிலாந்துக்கு. பதக்கம் முசியேவுக்கு. செங்கமலத்துக்குச் சிவப்பு முத்திரை வைத்த ஒரு சான்றிதழ்.

திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே அவள் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு மில் வாசலில் நின்றாள். பின்னால் மற்ற பதினோரு பேர். கதவு உண்மையிலேயே திறந்துதான் இருந்தது. குறுக்கே ஒரு மேசை போட்டு, ஆஜர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பச்சையப்பன் உட்கார்ந்திருந்தார். சான்றிதழை வாங்கி உரக்கப் படித்தார். இங்கிலாந்து தேசத்தைச் சேர்ந்த செங்கமலம். கீழே முசியேவின் கையெழுத்து. விழாப் புத்தகத்தில் அவளுடைய கைநாட்டு.

"பரிசு வாங்கினா வேலன்னு சொன்னீங்களே சாமி."

"கதவு தொறக்கும்னு சொன்னேன். தொறந்திருக்குது. அந்நியர உள்ள வுட முடியாதும்மா. நேத்து வரைக்கும் உன் தலதான் இங்கிலீஷு. இப்ப முழுசா இங்கிலீஷு. நீயே கைநாட்டு வச்சிட்ட."

செங்கமலம் சான்றிதழைத் திரும்பக் கேட்டாள். அது அரசாங்க ஆவணம், கசக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டு விருந்தினரை அவரவர் தேசத்துக்கு மரியாதையாகக் கொண்டுபோய் விட ஒரு சிப்பாய் வந்து நின்றான். இங்கிலாந்து அவனுக்குத் தெரியும். எல்லைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஜெர்மனியை எங்கே விடுவது என்று கேட்டான். அதற்கும் அந்தப் பக்கம்தான் என்றார் பச்சையப்பன்.

அவர்கள் நகர்ந்தபோது, உள்ளிருந்து மரியதாஸ் மேஸ்திரி கையில் ஒரு சீட்டோடு வெளியே வந்தார். பின்னாலேயே, மதிலோரம் கை தட்டியவர்களில் ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் சீட்டு. விழா பிரமாதமாக அமைந்ததால் அடுத்த வருஷம் இருபது நாடுகள் என்று முசியே முடிவு செய்திருந்தார்.

"என்ன ஸ்பெயின்னு எழுதியிருக்காங்க," என்றார் மேஸ்திரி. "அது எந்தாண்ட இருக்குது, செங்கமலம்?"

"எங்க கூடவே வாங்க மேஸ்திரி. கும்மி தெரியுமில்ல?"

பச்சையப்பன் விரலை எச்சில் தொட்டு ஆஜர் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். உலகத்தில் இன்னும் எத்தனையோ நாடுகள் பாக்கி இருந்தன. மில்லிலும் ஆட்கள் இருந்தார்கள்.