வைப்பருக்கடியில் காலண்டர் தாள்

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த பதினோரு பேரும் லாரிக்குப் பயந்ததைவிட ‘வராது’ சாருக்குத்தான் அதிகம் பயந்தோம். லாரி மோதினால் கார்தான் போகும். இவர் உற்றுப் பார்த்தால் நிம்மதியே போய்விடும்.

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதும் சர்வேயராக முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றது வேலைதான், கண் இல்லை. காலை ஆறு மணிக்கு டார்ச்சோடு கிளம்புவார். ஒவ்வொரு காரையும் குனிந்து சுற்றிப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு குறிப்பு எழுதி வைப்பருக்கடியில் செருகிவிட்டுப் போவார். “பின் டயர் வழுக்கை. மோதினால் க்ளெய்ம் வராது.” நான்கு வருடத்தில் எனக்கு மட்டும் பத்தொன்பது தாள்கள். ஒவ்வொன்றையும் படித்தவுடன் நாடியைப் பிடித்து எண்ணியிருக்கிறேன். ஒரு தடவைகூட நிமிடத்துக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை.

ஒரு மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூலை வீட்டு டீச்சர் குடையோடு வந்து காரில் ஏறினார். வராது சார் மாடியிலிருந்து, “சாவியத் தொடாதீங்க டீச்சரம்மா” என்று கத்துவதற்குள் திருகிவிட்டார். இன்ஜின் ஒருமுறை இருமி அடங்கியது.

“ஒரே ஒரு தடவைதான் சார் திருகினேன்” என்றார் டீச்சர்.

“அந்த ஒரு தடவைக்குத்தாம்மா வராது. தண்ணி தானா வந்தா அது மழை. தண்ணில நின்னுகினு ஸ்டார்ட் பண்ணா அது நீங்க.”

அப்படியே ஆயிற்று. எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் கதை இன்னும் மோசம். மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அவருடைய கார்க் கதவு நசுங்கியது. சம்பந்தி வீட்டார் பார்த்தால் கௌரவம் என்னாவது என்று அவசரமாகத் தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, பளபளவென்று ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகு இன்சூரன்ஸுக்குச் சொன்னார். வந்த ஆள் காரை மூன்று சுற்று சுற்றிவிட்டு, அடி எங்கே பட்டது என்று கேட்டாராம்.

இதையெல்லாம் பார்த்துப் பாடம் படித்தவன் நான். ஆவடித் தொழிற்சாலையில் உதிரி பாகங்களை எண்ணியே வேலைக்காலத்தைக் கழித்தவன். பாலிசி தேதி, புகைச் சான்றிதழ் தேதி, டயர் வாங்கிய தேதி எல்லாம் எனக்கு மனப்பாடம். எண்ணாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி சேவியருடைய டிரைவிங் லைசென்ஸ்.

குத்தம்பாக்கம் பஸ் நிலையத்தில் உறவினரை இறக்கிவிடப் போன சேவியர், திரும்பும் வழியில் சாலை நடுவிலிருந்த சுவரில் என் காரை மோதிவிட்டான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காரின் முகம்தான் போய்விட்டது. லைசென்ஸ் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது வண்டியை இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கார் இல்லாமல் எங்களுக்கு முடியாது. ஸ்டெல்லாவுக்கு வாரம் மூன்று நாள் பூந்தமல்லியில் டயாலிசிஸ். முடிந்து வெளியே வந்தால் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. போகும் வழியில் அறுபத்து மூன்று பள்ளங்கள். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முகம் போகும் போக்கை என்னால் பார்க்க முடியாது. அதனால் காரை ஓட்டியது நான்தான் என்று படிவத்தில் எழுதினேன். சர்வேயரிடம் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் பதினான்கு முறை ஒத்திகையும் பார்த்தேன்.

கம்பெனியின் சர்வேயர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. வராது சார் ஆறு மணிக்கே வந்துவிட்டார். நொறுங்கிய முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து டார்ச்சை உள்ளே அடித்தார்.

“ஓட்டினது நீங்களா சார்?”

“ஆமாம்.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன். ஆறடி சேவியர் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தான். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். என் கால் பிரேக்குக்கு நான்கு விரல்கடை இப்பாலேயே தொங்கியது.

“பிரேக்க இன்னாத்தால அமுக்கினீங்க? ஜெபத்தாலயா?”

இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் டார்ச்சை அணைத்தார்.

“இழுத்துக்கலாம். அப்பறம்? நெஜத்தைச் சொன்னா இந்த ஒண்ணு வராது. பொய் எழுதி மாட்டிக்கினா, நாளைக்கு நெஜமாவே அடிபட்டு வந்தாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். போலீசு, கோர்ட்டுன்னு அலையற வயசா சார் இது?”

சர்வேயரிடம் கொடுக்க வைத்திருந்த படிவத்தை நான்காகக் கிழித்தேன். புதிதாக ஒன்றில் உள்ளதை எழுதினேன். மூன்று வாரம் ஆட்டோவில் அலைந்த பிறகு இரண்டே வரியில் கடிதம் வந்தது. ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லாததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ஏழு முறை படித்தேன். ஏழு முறையும் அதுதான் இருந்தது.

அடுத்த டயாலிசிஸ் நாளன்று காலை ஆறு பத்துக்கு வாசலில் ஹார்ன் சத்தம். வராது சாரிடம் கார் இருப்பதே தெருவில் யாருக்கும் தெரியாது. தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்த வெள்ளைக் காரைக் கழுவி எடுத்து வந்திருந்தார். கிளம்புவதற்கு முன் தன் காரையே டார்ச் அடித்து ஒரு சுற்று சுற்றினார். ஸ்டெல்லாவின் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு அறுபத்து மூன்று பள்ளங்களையும் ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக் கடப்பதுபோல் ஓட்டினார்.

திரும்பி வந்து இறங்கும்போது ஸ்டெல்லா பெட்ரோலுக்கென்று பணத்தை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“காசு வாங்கினா இது டாக்ஸிம்மா. சொந்த வண்டின்னு பாலிசி போட்டுகினு வாடகைக்கு ஓட்டினா, மோதினா வராது.”

என் கார் சரியாகி வரும்வரை இருபத்தொன்பது நாள் அப்படி ஓட்டினார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். பிண ஊர்திக்குப் பின்னால் பதினோரு கார்கள் போயின. பதினோரு பேரும் பெல்ட் போட்டிருந்தோம்.

இப்போது காலை ஆறு மணிக்கு நானே இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். நான்கு டயரும் புதியவை. பத்திரங்கள் சரியாக இருக்கின்றன. சேவியரின் லைசென்ஸ் நகல் மட்டும் நான்கு வைத்திருக்கிறேன். கடைசியாக வைப்பரைத் தூக்கிப் பார்ப்பேன். அடியில் ஒன்றும் இருக்காது. நாடியைப் பிடித்தால் தொண்ணூற்றாறு.