துரையா, ஜப்பானா?

என் காது விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று நான் தீர்மானித்ததற்குக் காரணம் ஒரு குக்கர்.

"மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க. நான் அக்கம்மாக்கா வீட்டுல துக்கம் கேட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள் என் மனைவி கல்யாணசுந்தரி. நான் குக்கருக்கு எட்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு விசிலும் வரவில்லை. நானும் பொறுப்பாகக் காத்திருந்தேன். கடைசியில் புகைதான் வந்தது. பின்னாலேயே கல்யாணசுந்தரி வந்தாள்.

"எத்தன விசில் வந்துச்சு?"

"வரவே இல்ல. வாஷர் போயிருக்கும்."

"பதினோரு விசில். நான் அங்குட்டு உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கேன். துக்க வீட்டுல பாதில எந்திரிச்சு வர முடியுமா? அழுதுக்கிட்டிருந்த சனமே அழுகைய நிறுத்திட்டு, யார் வீட்டுக் குக்கரு இப்படிக் கத்துதுன்னு கேக்குது."

"வாஷர்..."

"வாஷர் போகல. உங்களுக்குக் காது போச்சு."

"யாருக்கு? எனக்கா? ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் வச்சுப் பாட்டுக் கேக்குறவனுக்கா?"

அவள் கரியான பருப்பைச் சுரண்டினாள். சுரண்டுவதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

என் பெயர் மெய்யநாதன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர். ஏர்ஹாரன் நடுவிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்றவன். செக்காலையில் சொந்த வீடு. முன் அறை எனக்கு. அந்த அறையில்தான் என் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களும் குடியிருக்கின்றன.

முதல் ஜோடி இங்கிலாந்தில் செய்தது. சென்னையில் மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருந்து வந்தது. வயது நாற்பதுக்கு மேல். நான் வைத்த பெயர் துரை. இரண்டாவது ஜோடி ஜப்பான். நெற்குப்பைப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது பழைய சாமான் கடைக்கு வந்து, மரத்தூணுக்கும் எனாமல் தட்டுக்கும் நடுவில் அநாதையாகக் கிடந்தது. சாதாரண ஸ்பீக்கர் பாட்டை இனிப்பாக்கித் தரும். இவை அப்படியில்லை. பாட்டில் எங்கே தப்பு இருக்கிறது என்று பாடினவனுக்கே காட்டிக் கொடுப்பதற்காகச் செய்தவை. இதை விளக்கியபோது, "தப்புக் கண்டுபுடிக்க வீட்டுல நான் ஒருத்தி பத்தாதா, நாலு பொட்டி வேற வேணுமா?" என்று கேட்டாள் கல்யாணசுந்தரி.

உங்களிடம் மறைப்பானேன். காது போய்க்கொண்டுதான் இருந்தது. கொசு பாடுவது நின்று ஒரு வருஷம் ஆகிறது, கடிப்பது நிற்கவில்லை. அடுத்து பாட்டில் ஜால்ரா காணாமல் போனது. முதலில் துரையைத்தான் சந்தேகப்பட்டேன். வயதாகிவிட்டது, மேல் ஸ்தாயி போய்விட்டது என்று ஜப்பானை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்தால் துரை பாடுகிறது. பச்சை எரிந்தால் ஜப்பான். மூன்று மாதம் மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டிலும் ஜால்ரா இல்லை. இங்கிலாந்தும் ஜப்பானும் சேர்ந்து செக்காலையில் இருக்கும் எனக்கு எதிராகச் சதி செய்ய முடியாது என்று புரிந்த அன்றுதான் பயம் வந்தது.

பயம் என்றால் சும்மா பயமில்லை. என் அப்பாவுக்கும் இப்படித்தான் போனது. முதலில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். அப்புறம் சுருக்கமாகப் பேசினார்கள். அப்புறம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கல்யாண வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து இலை போடும்போது தோளைத் தொடுவார்கள். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு வரக்கூடாது. கல்யாணசுந்தரிக்குத் தெரிந்தால் வந்துவிடும். இப்போதைக்கு அவள் முகத்தைப் பார்த்தால் பாதி புரிகிறது. மீதியை இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் நானே போட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் திட்டுதான் என்பதால் தப்புவதில்லை.

"பந்தயம் வச்சுக்குவோமா?" என்றேன்.

"என்ன பந்தயம்?"

"ஞாயித்துக்கிழம காலைல நான் முதுகைக் காட்டி உக்காருறேன். நீ பின்னால இருந்து மாத்தி மாத்திப் போடு. துரையா ஜப்பானான்னு பத்துத் தடவ சொல்றேன். பத்தும் சரின்னா இனிமே என் காதைப் பத்திப் பேசக் கூடாது."

"ஒண்ணு தப்புன்னா?"

"டாக்டர்ட்ட வர்றேன். மிஷின் குடுத்தா மாட்டிக்கிறேன்."

"சரி. ஆனா சத்தத்தக் கொறச்சுத்தான் வப்பேன். அக்கம்மாக்கா வீட்டுக்காரர் போயி எட்டு நாள்தான் ஆச்சு. கருமாதி வரைக்கும் இங்குட்டுப் பாட்டுச் சத்தம் கேக்கப்படாது."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

என் திட்டம் எளிது. காதை நம்பவில்லை, கண்ணை நம்பினேன். மாற்றுப் பெட்டியில்தான் விளக்கு எரிகிறதே! எனக்கு முன்னால் பளபளப்பாக ஒரு சாமான் இருந்தால் போதும், முதுகுக்குப் பின்னால் நடப்பது அதில் தெரிந்துவிடும். பீரோவில் அவள் சீராகக் கொண்டுவந்த வெள்ளிச் சொம்பு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் விபூதி போட்டுத் துடைத்துத் துடைத்து, அதில் என் மூக்கு பூசணிக்காய் அளவுக்குத் தெரியும்வரை விடவில்லை.

"என்ன பண்றீக?" வாசற்படியில் கல்யாணசுந்தரி நின்றாள்.

"சொம்பு துடைக்கிறேன்."

"அது தெரியுது. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு டம்ளர் கழுவி நான் பாத்ததில்ல. இன்னைக்கு என்ன?"

"வெள்ளில தண்ணி குடிச்சா உடம்புச் சூடு தணியுமாம்."

"ஓகோ" என்றாள். நான் சொம்பை இன்னொரு தடவை துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். முன்னால் ஸ்டூல், அதன் மேல் சொம்பு. பின்னால் கல்யாணசுந்தரி. கையில் பேனாவும் போன மாதத்துக் காலண்டர் தாளும். நான் சொல்வதை எழுதிக்கொள்வாளாம்.

"ஒண்ணு" என்று என் தோளில் தட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு என்று பேச்சு.

முதல் சுற்றில் நேர்மையாகத்தான் முயன்றேன். எங்கேயோ பக்கத்துத் தெருவில் கல்யாணம் நடக்கிற மாதிரி ஏதோ ஒன்று கேட்டது. துரையா, ஜப்பானா? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சொம்பைப் பார்த்தேன். சிவப்பு.

"துரை! குரல் நல்லாக் கனமா வருது."

இரண்டாவது பச்சை. மூன்றாவதும் பச்சை. நாலாவதில் இருந்து பாட்டு இன்னும் மெலிந்துவிட்டதாகப் பட்டது. அக்கம்மாள் வீட்டை நினைத்துக் குறைத்திருப்பாள், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கென்ன, சொம்பு பிரகாசமாக இருந்தது. தைரியம் ஏற ஏறக் கூடுதலாகவே விமர்சித்தேன்.

"ஜப்பான். வயலின்ல வில்லு உரசுறதே கேக்குது."

"துரை. ஆகா, பேஸு! தரை அதிருது பாரு."

"ஜப்பான். பாடுறவரு மூச்சு வாங்குறாரு, கவனிச்சியா?"

பத்தாவது தட்டு. சிவப்பு. இந்தத் தடவை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். கலைஞனுக்கு அது அழகு. கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஒரு விரலை உயர்த்தினேன்.

"துரை. சந்தேகமே இல்ல. மிட்ரேஞ்ச் சுத்தம்."

எழுந்து திரும்பினேன். "எத்தன?"

"பத்துக்குப் பத்து" என்றாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. கண் கலங்கியிருந்தது. தோற்ற வருத்தம் என்று நினைத்தேன். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் அல்லவா?

"விடு கல்யாணி. ஒனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"உக்காருங்க. வாசிக்கிறேன்." காலண்டர் தாளை எடுத்தாள். "மொத மூணும் பாட்டு ஓடுச்சு. நாலாவதுக்கு வால்யூமச் சுத்தமாத் திருகி வச்சுட்டேன். வெறும் விளக்குத்தான். நீங்க வில்லு உரசுதுன்னீக."

நான் சொம்பைப் பார்த்தேன்.

"அஞ்சும் ஓடல. தரை அதிருதுன்னீக. ஏழாவதுல மூச்சு வாங்குதுன்னீக. யாரு மூச்சு? பாடவே இல்ல, எங்குட்டு மூச்சு?"

"அது... சத்தம் கொறச்சலா இருந்ததால..."

"சொம்பு துடைக்கையிலயே எனக்குத் தெரியுங்க. நேத்தே உக்காந்து பாத்துட்டேன், அந்த நாற்காலில. சிவப்பும் பச்சையும் அழகாத் தெரியுது." தாளை மடித்தாள். "அது போகட்டும். பத்தாவது என்னன்னு தெரியுமா?"

"அதுவும் ஓடலயா?"

"துரையும் பேசல, ஜப்பானும் பேசல. நான் உங்களக் கூப்புட்டேன். பேரச் சொல்லி."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் புருஷன் பேர் என்ன என்று கேட்டால் கார்டை நீட்டுகிறவள் இவள். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் என் பக்கம் திரும்புவாள். பிரசவ வலியில் துடிக்கும்போதுகூட நர்ஸிடம் என் பெயரைக் காகிதத்தில் எழுதித்தான் காட்டினாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை அவள் வாயால் என் பெயர் வந்ததில்லை.

"மெய்யநாதன்னு மூணு தடவ கூப்புட்டேன்" என்றாள். நான்காவது தடவையாக, தரையைப் பார்த்துக்கொண்டு, உதடு தெரியாமல் சொன்னதால் அதையும் ஊகித்துத்தான் புரிந்துகொண்டேன். "கடைசித் தடவ சத்தமாவே கூப்புட்டேன். தெருவுல போனவக நின்னு பாத்தாக. நீங்க வெரலத் தூக்கி, மிட்ரேஞ்ச் சுத்தம்னீக."

கையும் களவுமாகப் பிடிபட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. டாக்டர், மிஷின் எதுவும் பெரிதாகப் படவில்லை. அவள் கூப்பிட்டிருக்கிறாள், மூன்று தடவை, நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அதைத் தவறவிட்டிருக்கிறேன். அழுகை வந்தது. அழுதால் அதற்கும் விமர்சனம் சொல்லுவாளோ என்று அடக்கிக்கொண்டேன்.

"கல்யாணி, இன்னொரு தடவ கூப்புடேன். மூஞ்சியப் பாத்துக் கூப்புடு."

அவள் என் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையே டோக்கன் போட்டாச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரில நர்ஸ் கூப்புடும். அப்பக் கேட்டுக்கங்க."