பெரிசாக்கிய எழுத்து

திரையில் எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. கொஞ்சம் பெரிசாக்கலாம் என்றுதான் சுமைக்காரர் செட்டிங்ஸைத் திறந்தார்.

இருபது வருடம் மூட்டை சுமந்ததில் இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. இனி ஒரு மூட்டை தூக்கினாலும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனால் போகிறதென்று கிடங்கு மேனேஜர் அவரை வாசல் அறையில் லினக்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். வரும் லாரியின் நம்பரைப் பதிந்து சீட்டு எடுக்கும் வேலை. முதல் நாள் காலையிலேயே கெடுவும் வைத்தார்.

"பதினோரு மணிக்கு என் மச்சினன் வர்றான். கம்ப்யூட்டர் படிச்சவன். அதுக்குள்ள உனக்கு ஓடலைன்னா அவன் உட்காருவான். நீ மூட்டைக்கே போயிடு."

எழுத்து பூசணிக்காயாய் வீங்கியது. பாதி திரைக்கு வெளியே போனது. பழையபடி மாற்றும் பொத்தானும் அதோடு போனது.

கீழே போனதை மேலே கொண்டுவரலாமென்று திரையைத் திருப்பினார். எல்லாம் தலைகீழானது. "இப்படியே இருக்கட்டுமா?" என்று ஒரு பெட்டி கேட்டது. பதற்றத்தில் என்டரைத் தட்டினார். அப்படியே இருந்துவிட்டது.

அதை மாற்றப் போய், கீபோர்டுக்கு எந்த நாட்டு வரிசையையோ கொடுத்துவிட்டார். ஏ தட்டினால் க்யூ வந்தது. எண் தட்டினால் ஏதேதோ குறி வந்தது.

ஜன்னலில் லாரி டிரைவர் தலையை நீட்டினார். "என்னண்ணே, பொட்டி குட்டிக்கரணம் போட்டிருக்கு?"

"சும்மா நம்பரைச் சொல்லு தம்பி."

"எனக்கொண்ணும் அவசரமில்ல. மேனேஜர் சொன்னது கேட்டுச்சு, உங்க இடுப்புக்குத்தான் அவசரம்."

சுமைக்காரர் திரையைக் கூர்ந்து பார்த்தார். அடுக்கில் பாதி மூட்டை தலைகீழாகத்தான் கிடக்கும். அதன் முத்திரையைப் படித்தே பழகிய கண் அவருக்கு. திரையையும் படிக்க வந்தது. மவுஸ் எதிர்ப்பக்கம் ஓடியது. வாலைத் தன் பக்கம் வைத்துத் திருப்பிப் பிடித்தார். எண்ணுக்கு ஷிப்ட். ஏ வேண்டுமென்றால் க்யூ. காணாத பொத்தானுக்கு நாலு டேப், ஒரு என்டர். பதினோரு மணிக்குள் ஏழு லாரி போய்விட்டது.

மேனேஜர் மச்சினனோடு வந்தார். திரையைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தார்.

"என்னய்யா இது?"

"ஓடுதுங்க."

"எழுந்திரு. மாப்ளே, நீ உட்காரு."

மச்சினன் தட்டினான். குறிகளாய்க் கொட்டியது. மவுஸ் மூலையில் போய் ஒளிந்தது. சரிசெய்யப் பார்த்தான், பொத்தானைக் காணோம். வெளியே நாலு லாரி ஹார்ன் அடித்தது.

"கொஞ்சம் நகருங்க தம்பி." சுமைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கையாலேயே நாலு சீட்டும் எடுத்தார்.

மச்சினன் மரியாதையாக எழுந்து நின்றான்.

"மாமா, அவரே இருக்கட்டும். நான் வெறும் மூணு வருஷம்தான் படிச்சிருக்கேன்."