கண்மட்டத்தின் காது

கட்டிலின் வலப்பக்கக் கால்களுக்கு அடியில் மேஸ்திரி இரண்டாவது செங்கலைச் செருகிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி காப்பியோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது? கட்டிலுக்கு அஸ்திவாரமா?"

"கட்டில் வலப்பக்கமா சாயுது. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா வீடே ராட்டினம் மாதிரி சுத்துது."

"நானும் இதே கட்டில்லதானே படுக்கிறேன்? எனக்குச் சுத்தலியே?"

"உனக்கு மட்டம் தெரியாது. எனக்குத் தெரியும்."

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. வேலையிடத்தில் அவருக்குப் பேரே கண்மட்டம்தான். இருபத்தெட்டு வருஷமாகச் சுவர் எழுப்புகிறார். நூலில் தொங்கவிட்டு நேர் பார்க்கிற தூக்குக்குண்டையும், உள்ளே குமிழி ஓடுகிற ரசமட்டத்தையும் கையால் தொட்டதில்லை. "அதெல்லாம் கண்ணுல நம்பிக்கை இல்லாதவனுக்கு" என்பார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்த்தார் என்றால் பார்த்ததுதான். அவர் சுவர் ஒன்றுகூட இதுவரை கோணியதில்லை. இது ஊரறிந்த விஷயம்.

செங்கல் வைத்த கட்டிலில் ஏறி வலப்பக்கம் புரண்டார். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு விட்டம், விசிறி, மனைவி, காப்பி டம்ளர் எல்லாம் சேர்ந்து சுற்றின. அரை நிமிஷம் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றன.

"பாத்தியா? இப்ப உயரம் கூடிப்போச்சு" என்று இடப்பக்கத்துக்கும் செங்கல் வைத்தார். அப்புறம் தலைமாட்டுக்கு. கட்டில் மேஜை உயரத்துக்கு வந்துவிட்டது. மனைவி ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "இனிமே இங்கேருந்து விழுந்தா எலும்பு மிஞ்சாது" என்று பாயை எடுத்துக்கொண்டாள். மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். சுற்றவில்லை. கட்டில்தான் கோளாறு என்று முடிவாகிவிட்டது.

ஆனால் கட்டில் இல்லாத இடத்திலும் சுற்றியதே, அதற்கு என்ன செய்வது?

மூன்றாவது மாடியில், பக்கவாட்டுச் சுவர். சாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் சுற்றியது. கலவை அள்ளக் குனிந்தால் சுற்றியது. வெளியே சொன்னால் தீர்ந்தது. அன்றைக்கே கீழே இறக்கி, மணல் சலிக்க விட்டுவிடுவார்கள். அவருக்கு அறுபது ஆகிறது. ஒருதரம் இறங்கிவிட்டால் மறுபடி எவன் ஏற்றுவான்? இது போதாதென்று அவர் இடத்தின் மேல் கண் வைத்துக்கொண்டு பூச்சுக்காரன் ஒருவன் வேறு இருந்தான்.

"என்ன கண்மட்டம், காலையிலேயே ஊத்தியாச்சா? சாரம் ஆடுது?"

"காத்துடா. உனக்குக் கீழே அடிக்காது. மேலே வந்தாத்தானே தெரியும்."

சொல்லிவிட்டு, கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாளைப் பார்த்தார். பதினைந்து வருஷமாக அவரோடு வேலை செய்கிறவள். அதிகம் பேசமாட்டாள். இடுப்பில் எப்போதும் துணி சுற்றிய ஒரு கட்டையைச் செருகியிருப்பாள். எதற்கு என்று கேட்டால் "நாய்க்கு" என்பாள்.

"தங்கச்சி, காத்து பலமா இருக்கு. என் பெல்ட்டைக் கொஞ்சம் பின்னால பிடிச்சுக்கோ."

"கல்லு யாருண்ணே எடுத்துக் குடுக்கிறது?"

"அடுக்கி வச்சிரு, நானே எடுத்துக்கிறேன். விட்டுடாதே."

வழக்கமாக மூன்று வரிசைக்கு ஒருதரம் இறங்கி டீ குடிப்பார். டீ குடித்தபடி தெருவில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சுவரைக் காட்டுவார். இப்போது இறங்கினால் குனிய வேண்டும். அதனால் மூன்று நாளும் டீயே இல்லை. அவர் கட்டிக்கொண்டே இருந்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாம் நாள் இன்ஜினியரம்மா மொட்டைமாடியிலிருந்து, "மேஸ்திரி!" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியுமா? நிமிர்ந்தார். வானம் உருண்டது.

"ஐயோ, சாயுது!" என்று சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். "எது சாயுது மேஸ்திரி?"

'நான்தான்' என்று சொல்ல நாக்கு வரவில்லை. "சுவருதாம்மா" என்றார்.

"நீங்க கட்டினதா? குண்டு கொண்டு வாங்கப்பா, பாத்துடலாம்."

மேஸ்திரி சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சுவர் நேராகத்தான் இருக்கும், அவர் கட்டியதாயிற்றே! குண்டு போட்டால் கோணல் யார் என்று தெரிந்துவிடும்.

"என் கண்ணு சொன்ன பிறகு குண்டு எதுக்கும்மா? இடிச்சிடுங்க."

"உங்க சுவர நீங்களே இடிக்கச் சொல்றீங்களா?"

"தப்புன்னா தப்புதான். என் சுவரு, உன் சுவருன்னு பாப்பேனா?"

பூச்சுக்காரன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டான். மேஸ்திரிக்கே நெஞ்சு விம்மியது. பொய்யைக்கூட இவ்வளவு நேராகக் கட்ட வேறு யாரால் முடியும்?

ஆனால் யாரோ குண்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டென்று பிடுங்கினார். தன் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடக் குனிந்தார். அவ்வளவுதான். பூமி ஒரு சுற்று சுற்றி, அவரைக் கலவைச் சட்டியில் உட்கார வைத்தது.

காது டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் கால்சட்டையின் பின்பக்கம் கெட்டியாகிவிட்டது. டாக்டர் சின்ன வயசு.

"தலை சுத்துதுன்னா தலையைப் பாக்கணும். காதைப் பாக்கிறீங்களே? முட்டி வலின்னு வந்தா மூக்குக் கண்ணாடி எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டர் சிரித்தார். "படுத்துப் புரண்டா, நிமிர்ந்தா, குனிஞ்சா மட்டும்தானே சுத்துது? ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடுதா?"

"ஆமா."

"பேச்சு குழறுதா? கை கால் மரத்துப் போகுதா? எல்லாம் ரெண்டா தெரியுதா?"

"அதெல்லாம் இல்ல."

"அதெல்லாம் வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்ல உட்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும். இது வேற." படுக்க வைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பித் தொங்கவிட்டார். அறை சுற்றியது. டாக்டர் அவர் கண்ணையே உற்றுப் பார்த்தார். "உங்க கருவிழி துள்ளுது. வலது காதுதான். மேஸ்திரி, ரசமட்டம் தெரியுமா?"

"தெரியும். தொடமாட்டேன்."

"உங்க காதுக்குள்ளயே ஒண்ணு இருக்கு. தண்ணி ஓடுற மூணு வளைவுக் குழாய். பக்கத்து அறையில சுண்ணாம்பு மாதிரி பொடித் துகள் ஒட்டிக்கிட்டிருக்கும். அது உதிர்ந்து குழாய்க்குள்ள போயிடுச்சு. நீங்க தலையைத் திருப்பினா அது உருளுது. மூளை, 'ஆள் சுத்துறான்'னு நினைச்சுக்குது."

இருபத்தெட்டு வருஷமாக ஒதுக்கிவைத்த சாமான் தன் மண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பது மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் மருந்து எழுதவில்லை. தலையை வலப்பக்கம் தொங்கவிட்டு வைத்திருந்தார். மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு உடம்போடு புரட்டி, மூக்கு தரையைப் பார்க்க வைத்தார். எழுப்பி உட்கார வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம். இப்படி இரண்டு தரம். "துகள் பழைய இடத்துக்கே போயிருக்கும். மறுபடியும் வரலாம், வந்தா இதையே செய்யலாம். படுக்கையை விட்டு மெதுவா எழுந்திருங்க. நான் பாத்துச் சொல்ற வரைக்கும் சாரம் ஏறக் கூடாது."

"அப்ப கட்டில்ல ஒரு கோளாறும் இல்லியா டாக்டர்?" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

மேஸ்திரி கதவு வரை போய்த் திரும்பி வந்தார். கேட்காமல் போக மனசில்லை. "இதனால என் கண்ணுக்கு ஏதாவது...? சுவரு பாக்கிற கண்ணு."

"சுத்துற அந்த அரை நிமிஷம்தான் தொந்தரவு. மத்த நேரம் உங்க கண்ணு எப்பவும் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காகவே டாக்டரை மன்னித்தார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் சரி என்றார். மேஸ்திரி வேலையிடத்துக்கு நிமிர்ந்து நடந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். 'சுவர் நேர்தான். கோணினது என் காது.' இதைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். அது தன்னிடம் இருக்கிறதே என்று வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

வாயைத் திறக்கும் முன்பே இன்ஜினியரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, அன்னிக்கே உங்க தூக்கிலேருந்து குண்டை எடுத்துப் போட்டுப் பாத்தோம். ரெண்டு விரல் வெளியே சாஞ்சிருக்கு! இடிச்சாச்சு. உடம்பு முடியாம கட்டினதுல அப்படி ஆயிருக்கும். ஆனா அந்த நிலையிலயும் வெறும் கண்ணால கண்டுபிடிச்சு, தானே சொன்னீங்க பாருங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். பூச்சுக்காரன் டீ வாங்கிக் கொடுத்தான்.

மேஸ்திரி டீயைக் குடித்தார். கொண்டுவந்த உண்மையையும் அதோடு சேர்த்து விழுங்கினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஓரமாக மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாளிடம் போனார்.

"பாத்தியா தங்கச்சி? காது கெட்டாலும் கண்ணு கெடல. ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல. சுத்தினது அரை நிமிஷம்தான், மத்த நேரமெல்லாம் கண்ணு பழையபடியேன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் என் சுவரு எப்படிச் சாஞ்சுது?"

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து நாய்க்கட்டையை உருவி, துணியைப் பிரித்தாள். உள்ளே ரசமட்டம். பதினைந்து வருஷம் பிடித்துப் பிடித்து விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தது. குமிழி நடுவில் போய் அசையாமல் நின்றது.

"நீங்க டீக்கு இறங்கினாத்தானே நான் மட்டம் பாத்துத் தட்டி நிமித்துவேன்? மூணு நாளா ரெண்டு கையாலயும் உங்களையே பிடிச்சுக்கிட்டு நின்னேன். சுவரைப் பிடிக்க எனக்கு ஏதுண்ணே மூணாவது கை?"