பன்னிரண்டு மடங்கு டெல்மார்

இந்த வருஷம் துப்பாக்கித் தலையில் வைத்துக் குறி பார்க்கிற ஸ்கோப்பை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சபதம் செய்தேன். சமையலறை மேஜையைத் தட்டிச் செய்தேன். தட்டின தட்டில் காப்பி சிந்தியது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

என் வீட்டில் திரைச்சீலை என் பெண்டாட்டி லெம்பியின் தேர்வு. என் சட்டை அவள் தேர்வு. போன வருஷம் என் எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். ஆனால் துப்பாக்கி ஆம்பளை சமாச்சாரம். அது அவள் அப்பாவுடையது என்பது வேறு விஷயம்.

நல்ல துப்பாக்கி. அடியில் இருக்கிற லீவரை ஒரு தள்ளு, ஒரு இழு, அடுத்த தோட்டா தயார். வெற்றுக்கூடு பக்கவாட்டில் தெறிக்கிற ரகம், அதனால் தலைமேல் ஸ்கோப் வைக்க இடமும் உண்டு. இருபத்தேழு வருஷமாக நவம்பர் பதினைந்து, மான் வேட்டை திறக்கிற காலையில், அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவன் நான். லெம்பியும் அவள் தம்பிகள் இரண்டு பேரும் குடிசைக்குக் கூட வருவார்கள். குடிசையில் ஒரு சட்டம் உண்டு. மாமனார் போட்டது. கையில் துப்பாக்கி இல்லாதவர் அடுப்படியில். தம்பிகளிடம் ஆளுக்கொன்று இருக்கிறது, எங்களிடம் ஒன்றுதான். ஆகவே இருபத்தேழு வருஷமாக அடுப்படியில் லெம்பி. இதில் யாருக்கும் மனக்குறை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன வருஷம்தான் வந்தது வினை. முப்பது தப்படியில் கிளைக்கொம்போடு ஒரு மான். துப்பாக்கியின் முன்குறியும் பின்குறியும் என் கண்ணுக்கு இரண்டு எறும்புகள் சண்டை போடுகிற மாதிரி தெரிந்தன. சுட்டேன். மான் திரும்பிப் பார்த்தது. மறுபடி சுட்டேன். அது நான் முடித்துவிட்டேனா என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டு நடந்து போனது.

"வயசானா ஸ்கோப் போட்டுக்கணுங்க," என்றாள் லெம்பி. "டெல்மாரைக் கேளுங்க."

டெல்மார் எங்கள் ஊரில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மனைவி இல்லை. மீசை இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் லெம்பியோடு இரண்டு நடனம் ஆடியவன். ஒன்று என்றால்கூட மரியாதைக்கு என்று விட்டுவிடலாம். இரண்டு!

ஆகஸ்ட் மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள டெல்மார்தான்.

"டெல்மார் சொன்னாரு, நம்ம புதர்க்காட்டுக்கு ரெண்டரை மடங்கு பெரிசாக் காட்டுற சின்ன ஸ்கோப்பே போதுமாம்."

"ஓஹோ."

"டெல்மார் சொன்னாரு, லீவர் துப்பாக்கிக்கு ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையம் தாழ்வா இருக்கணுமாம்."

"அப்படியா?"

"டெல்மார் விரலைப் பார்த்திருக்கீங்களா? எவ்வளவு பக்குவமா ஆணி முறுக்குறாரு!"

அன்றைக்கே ஒரு பெரிய பட்டியல் புத்தகத்தைப் புரட்டித் தபாலில் ஆர்டர் செய்தேன். பன்னிரண்டு மடங்கு! டெல்மாரின் ரெண்டரையை விடப் பன்னிரண்டு பெரிசு, கணக்கு அவ்வளவுதான்.

பெட்டி வந்தது. முன்கண்ணாடி ஒன்றே சாசர் அகலம். அது துப்பாக்கிக் குழலில் இடிக்காமல் உட்கார, உலகத்திலேயே உயரமான வளையங்கள் வேண்டியிருந்தது. வாங்கினேன், பூட்டினேன். பார்த்தால் துப்பாக்கியின் மேல் இன்னொரு துப்பாக்கி மாடி கட்டிக் குடியேறின மாதிரி இருந்தது. கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வைத்தால் கண் எட்டவில்லை. கண்ணை வைத்தால் கன்னம் அந்தரத்தில். சுடுவதற்கு முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய குதிரை, ஸ்கோப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்க எனக்கு எலியின் கட்டைவிரல் வேண்டும்.

ஆனாலும் விடவில்லை. ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குப் போய் மண்மேட்டில் அட்டையை நட்டுக் குறி பார்த்தேன். அட்டையைக் காணோம். ஒரே ஒரு காய்ந்த இலை மட்டும் முறம் அளவுக்குத் தெரிந்தது. அதன் நரம்பெல்லாம் எண்ணலாம். கண்ணை இன்னும் கிட்டே கொண்டுபோய் விசையை அழுத்தினேன். துப்பாக்கி பின்னுக்கு உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு என் புருவத்துக்கு மேலே வந்து முத்தம் கொடுத்தது.

"நெத்தியில என்ன ரத்தம்?" என்றாள் லெம்பி.

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு."

"நம்ம அலமாரிக் கதவு எப்போலேர்ந்து வட்டமா ஆச்சு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் மருந்து வைத்தாள். எரிகிற மாதிரிதான் வைத்தாள்.

"குடுங்க துப்பாக்கியை. நானே டெல்மார் கிட்ட எடுத்துட்டுப் போறேன். நீங்களும் வாங்களேன், அளவு பார்க்கணுமாம்."

"அவன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்!"

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"செத்தாலும் மிதிக்க மாட்டேன்!"

"சரி, உங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள். நானும் ஜெயித்த திருப்தியில் நீராவிக் குளியலுக்குச் சவுனாவைச் சூடு பண்ணப் போய்விட்டேன்.

முதல் நாள் மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். பன்னிரண்டு மடங்கை என் மடியில் போட்டாள். "டெல்மார் சொன்னாரு, இதைக் கூரையில வச்சு நிலாவைப் பார்த்துக்கலாமாம்." புதன்கிழமை மறுபடி போனாள். வெள்ளிக்கிழமையும் போனாள். அவள் ஸ்வெட்டரில் துப்பாக்கி எண்ணெய் வாசனை. அடுப்புப் பக்கம் நின்று பாட்டு முணுமுணுத்தாள். என்னோடு குடித்தனம் நடத்தின இருபத்தேழு வருஷத்தில் அவள் முணுமுணுத்தது உண்டு, பாட்டு கிடையாது.

தாங்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பன்னிரண்டு மடங்கைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, டெல்மார் கடைக்கு எதிரே தீவனக் கடை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஸ்கோப்பை மட்டும் கண்ணில் வைத்து ஜன்னலுக்குத் திருப்பினேன். முதலில் மீசை வந்தது. முழு வட்டமும் மீசை. ஒவ்வொரு முடியும் கயிறு கனம். கையை லேசாக நகர்த்தினேன். லெம்பியின் கன்னம் வந்தது. கண்ணை மூடியிருந்தாள். அவள் மோவாய்க்கு அடியில் இரண்டு விரல்! பன்னிரண்டு மடங்கு பெரிசான இரண்டு விரல்!

அதற்கப்புறம் நான் தெருவைத் தாண்டினது எனக்கு ஞாபகமில்லை. வாசப்படியை மிதித்தது ஞாபகமிருக்கிறது.

"எடுடா கையை!"

"உர்ஹோ, நீயா? கதவைச் சாத்துப்பா, குளிர் வருது," என்றான் டெல்மார். வாயில் திருப்புளி.

"என் பொண்டாட்டி மோவாயில உனக்கென்னடா வேலை?"

லெம்பி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அவள் கன்னம் துப்பாக்கிக் கட்டைமேல் இருந்தது. "குதிக்காதீங்க, பலகை அதிருது. கண்ணை மூடிக் கன்னத்தை வச்சு, திறந்தா முழு வட்டம் தெரியணும். அந்த இடத்துலதான் வளையத்தை முறுக்கணும்."

"தலை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, தாழ்த்தினேன்," என்றான் டெல்மார். "வளையம் நல்லாத் தாழ்வாப் போட்டிருக்கேன். கோழி மாதிரி கழுத்தை நீட்ட வேண்டாம். குதிரைக்கும் பக்கத்துல ஒரு காது வச்சாச்சு, கட்டைவிரல் எட்டும்."

அளவு எடுப்பது யாருக்கு என்று எந்தப் புத்திசாலியும் அந்த இடத்தில் கேட்டிருப்பான். எனக்குத் தோன்றியதெல்லாம் அந்த இரண்டு விரல்தான்.

"இன்னியோட சரி! இனிமே இந்தக் கடைக்கு நீயும் வரக்கூடாது, நானும் வரமாட்டேன், துப்பாக்கியும் வராது!"

"டெல்மார், முடிஞ்சுதா?" என்றாள் லெம்பி.

"கடைசி ஆணி. பசை போட்டு முறுக்கிட்டேன். இனி அசையாது."

"அப்போ சரிங்க. இனிமே வரல," என்றாள் என்னிடம், பூனைக்குட்டி மாதிரி.

இருபத்தேழு வருஷத்தில் அவள் எனக்கு அடங்கினது அதுதான் முதல் தடவை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

வேட்டைக்கு முதல் நாள் மத்தியானம் குடிசைக்குப் போனோம். அறுபது தப்படியில் ஒரு தகரத் தட்டை மரக்கட்டையில் ஆணியடித்தான் பெரிய மச்சான். நான் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். என்னமோ குறைந்தது. ஸ்கோப் என் கண்ணுக்குள்ளேயே வந்துவிட்டது. முதுகைப் பின்னுக்கு வளைத்தேன். ஒரே கறுப்பு, நடுவில் மிளகளவு வெளிச்சம். மச்சான்கள் பார்க்கிறார்களே, சுட்டேன். இப்போது என் நெற்றியில் இரண்டு பிறை.

"லெம்பி! கட்டை ஏன் குட்டையா இருக்கு?"

"ஒரு அங்குலம் அறுத்திருக்கு."

"யாரைக் கேட்டு அறுத்தான்?"

"எங்கப்பா துப்பாக்கி. என்னைக் கேட்டுத்தான்."

"நாளைக்கு நான் எப்படிச் சுடுறது? டெல்மார் கிட்ட கொண்டுபோய் உடனே மாத்து!"

"நீங்கதானே யாருமே போகக்கூடாதுன்னீங்க?"

மச்சான்கள் இரண்டு பேரும் வானத்தில் எதையோ பார்த்தார்கள். லெம்பி ஆரஞ்சு கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அவள் பேரில் வேட்டை லைசென்ஸ். ஆகஸ்டில் வாங்கினது. பிறகு என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, கன்னத்தை வைத்து, மூன்று தடவை சுட்டாள். தட்டின் நடுவில் மூன்று ஓட்டை. மூன்றையும் ஒரே கைப்பிடிக்குள் மூடலாம்.

"அக்கா அப்பா மாதிரியே," என்றான் சின்ன மச்சான். என் பக்கம் ஒரு சமையல் ஏப்ரனை நீட்டினான்.

பதினைந்தாம் தேதி காலை நான் அடுப்படியில். வெளியே ஒரே ஒரு வெடிச் சத்தம். ஒன்பது மணிக்குத் தம்பிகள் இழுத்துவர, எட்டுக் கிளைக்கொம்பு மானுக்குப் பின்னால் லெம்பி வந்தாள். மூக்கு சிவந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. இருபது வயசு லெம்பியே திரும்பி வந்த மாதிரி இருந்தாள். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. இந்தத் தடவை துப்பாக்கி மேல்.

நான் மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துப் பேஸ்டி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கூடச் செய்யுங்க. மத்தியானம் டெல்மார் வர்றாரு."

"அவன் எதுக்குடி இங்க?"

"பாவங்க அந்த மனுஷன். மூணு மாசமா உங்க முறைப்பைத் தாங்கியிருக்காரு. அளவு எடுக்க நீங்க வந்து நின்னிருந்தா துப்பாக்கி உங்களுக்கில்ல போயிருக்கும்? 'உங்க பேரைத் தினம் ரெண்டு தடவை அவர் காதுல போடுறேன், கடைப் பக்கமே வரமாட்டாரு, நீங்க என் அளவுக்குப் பூட்டுங்க'ன்னு டெல்மார் கிட்ட நான்தான் சொல்லி வச்சேன்."

கையில் இருந்த மாவைப் பலகையில் வைத்தேன்.

"அப்போ... அவன் மேல உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"யாரு, டெல்மார் மேலயா? அவரு வாயைத் திறந்தா எனக்குக் கொட்டாவி வருங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், மனசு குளிர்ந்துபோனது. போனால் போகிறது துப்பாக்கி, பெண்டாட்டி என்னுடையவள்தான். அந்த சந்தோஷத்தில் கூட ஒரு பேஸ்டி மடித்தேன்.

"அதுல வெங்காயம் போடாதீங்க, டெல்மாருக்கு ஆகாது. எது அவரோடதுன்னு தெரிய, மேல அவரு பேரோட முதல் எழுத்தைக் கத்தியால கீறி வைங்க."

கீறினேன். லெம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, கோணலா? விருந்தாளி வர்றாரு, அழிச்சிட்டுக் கொஞ்சம் அழகாப் போடுங்க."

அழித்துவிட்டு அழகாகப் போட்டேன்.