களப்போராளியின் காது

களப்போராளி என்றோர் இனம் நம்மிடையே பெருகிவருகிறது. உங்கள் கைபேசியை எடுத்துப் பாருங்கள். இந்த நிமிடமே நாலைந்து பேர் உள்ளே முழங்கிக்கொண்டிருப்பார்கள். உலகின் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும் முதலில் மாறுவது இவருடைய முகப்புப் படம், பிறகு கண்டனம், கண்டனத்துக்குக் கீழே கண் சிவந்த பொம்மை, அதற்கும் கீழே, "உண்மையான தமிழனாக இருந்தால் பகிரவும்." பகிராதவன்? பொய்த் தமிழன். அந்தக் காலத்தில், நூறு பேருக்கு அச்சடித்துக் கொடுக்காவிட்டால் ரத்தம் கக்குவாய் என்று சாமி பேரில் ஒரு துண்டுத்தாள் வருமே, நினைவிருக்கிறதா? சாமி போய்விட்டார். மிரட்டல் அப்படியே இருக்கிறது.

கைபேசியை நான் பழிக்கவில்லை. சென்னைக் கடற்கரையில் அத்தனை பிள்ளைகளைத் திரட்டியது அதுதான். மூடி மறைத்த எத்தனையோ அநியாயங்களைத் தெருவுக்கு இழுத்து வந்ததும் அதுதான். என் வழக்கெல்லாம் அதன் முன்னால் வந்து நிற்கிற முகத்தோடு.

ஒலக்கூர் பக்கத்து ஆனந்தராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது, கேப்பையும், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலையும் காயவைக்கிற பொதுக் களத்தில் மட்டும். ஆகவே அவருடைய உலகப் புரட்சிகள் எல்லாம் அங்கேயே நடந்தன. முஷ்டியை உயர்த்துவார், புருவத்தை நெரிப்பார், "களத்தில் நான்" என்று எழுதுவார். பின்னால் மல்லாட்டையைத் துழாவிக்கொண்டிருக்கும் அஞ்சம்மாள், "நானுந்தான்டா தெனம் களத்துல இருக்கேன். எனக்கு எவன் லைக்கு போட்றான்?" என்பார்.

2018 அறுவடையின்போது மனை விற்கும் ஒருவர் அந்தக் களத்தையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டுவிட்டார். திண்டிவனத்தைச் சுற்றி மனைக்கல் நடாத இடம் எங்கே இருக்கிறது? பிடுங்கிய மல்லாட்டை ஈரத்தோடு வீடுகளில் குவிந்து, முளைவிடவா என்று கேட்டது. நம்மவர் சும்மா இருப்பாரா? "களம் காண்போம்!" என்று பதிவு போட்டார். தோஹாவிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் ஆதரவு கொட்டியது. வேலி அப்படியே நின்றது.

ஊர்ப் பெண்கள் கொடுத்த மனுவின் பேரில் தாசில்தார் நேரில் பார்க்க வந்த காலையில் அஞ்சம்மாள் போன் போட்டார்.

"எங்கடா இருக்க?"

"களத்துலதான் சின்னம்மா!"

"களத்துல நாங்க நின்னுக்கினு இருக்கோம். உன்னக் காணமே?"

திண்டிவனம் பேருந்து நிலைய டீக்கடையில் ஆனந்தராஜ் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஜல்தியா வாடா. இங்க எவனும் எதையும் காயவச்சதே இல்லன்னு அந்தாளு சாதிக்கிறான். போட்டோ எதுனா இருக்கான்னு ஆபீசரு கேக்குறாரு. நீதான் தெனம் புடிச்சிக்கினு இருப்பியே!"

பறந்து வந்தார். பெருமையோடு படங்களைத் தள்ளிக் காட்டினார். ஆப்பிரிக்கப் பஞ்சம்: முகம். பனிப்பாறை உருகல்: முகம், கறுப்புக் கண்ணாடியுடன். பாலஸ்தீனம்: முகம், முஷ்டி. மனைக்காரர் சிரித்தார். தாசில்தார் கைபேசியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"இருங்க சார்," என்றார் அஞ்சம்மாள். "இதுல அவன் காதாண்ட பாருங்க."

பெரிதாக்கிப் பார்த்தார்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் களம், களம் நிறைய மல்லாட்டை, குந்தியிருக்கும் அஞ்சம்மாள், அவருக்குப் பின்னால் இன்றும் அங்கே நிற்கிற தண்ணீர்த் தொட்டி.

"சிரியான்னு போட்டிருக்கே?"

"சிரியாவுக்காகப் போட்டது சார். போன வருஷம்."

"சிரியால மல்லாட்டை காயிதாப்பா?" என்ற தாசில்தார், தேதியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், வேலியைப் பிரிக்கச் சொன்னார்.

"நல்ல வேள, சின்னக் காதா பொறந்த," என்றார் அஞ்சம்மாள்.

வெயில் சாய்வதற்குள் களம் நிறைந்துவிட்டது. ஆனந்தராஜ் "களம் மீட்டோம்" என்று எழுதக் கைபேசியை உயர்த்தினார்.

"டேய், கொஞ்சம் நவுந்துக்கடா. மல்லாட்டை தெரியட்டும்."

இதைப் படித்துச் சிரித்த கையோடு படமெடுத்து, "செம அடி" என்று நாலு குழுவுக்கு அனுப்பப் போகிறீர்கள்; தெரியும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன், நீங்கள் கடைசியாகப் போட்ட போராட்டப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். காதோரம் யாராவது தெரிகிறார்களா?